சோற்றையும் நோயாளியையும் சேர்த்துச் சோதியுங்கள்

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களுக்கும், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஓட்டலில் மீந்துபோன கறி உங்களில் ஒருவருடைய துறைக்குப் போகிறது. அதைச் சாப்பிட்டுப் படுத்தவரின் நோய்க் கணக்கு இன்னொருவருடைய துறைக்குப் போகிறது. அவருடைய மல மாதிரி மருத்துவக் கல்லூரிக்குப் போனால், அது மூன்றாவதாக ஒரு துறையின் ஆய்வகம். மூன்று இடத்திலும் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், உழைக்கிறார்கள். ஆனால் மூன்று காகிதங்களும் ஒரே மேசையில் சந்திப்பதை நான் மிக அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். வருகிற மாதிரியைக் கிருமி வளர்க்கும் தட்டில் தீற்றி வைத்து, மறுநாள் காலையில் என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் தொழில். நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஃபுட் பாய்சன் என்று ஒரே இடத்தில் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம், அவர்கள் சாப்பிட்ட உணவையும் அவர்களையும் ஒரே நாளில், ஒரே கிருமிக்காக, அது உண்டாக்கும் நச்சு வரைக்கும் போய்ச் சோதிக்க வேண்டும். வந்த முடிவை ஊரறியச் சொல்ல வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். கல்யாண மண்டபத்திலோ, விடுதியிலோ, ஓட்டலிலோ சாப்பிட்ட இருபது முப்பது பேருக்கு வாந்தி, பேதி. மறுநாள் அலுவலர்கள் கடைக்குப் போகிறார்கள். ஃபிரீசரைத் திறந்து இத்தனை கிலோ கெட்டுப்போன இறைச்சி என்று வெளியே எடுக்கிறார்கள். அதைக் குப்பைத்தொட்டியில் கொட்டி பினாயிலை ஊற்றுகிறார்கள். புகைப்படம் வருகிறது. கடைக்கு சீல். பொதுமக்கள் பார்வையில் நடவடிக்கை முடிந்தது. ஆனால் அந்தப் பினாயிலில் கிருமியோடு சேர்ந்து சாட்சியமும் அழிகிறது. ஊற்றுவதற்கு முன் குளிர்பெட்டியில் ஒரு மாதிரி எடுத்து வைத்தார்களா, அது நுண்ணுயிர்ச் சோதனைக்குப் போனதா, என்ன வந்தது என்பதெல்லாம் அந்தச் செய்தியிலும் இருக்காது, அடுத்த மாதச் செய்தியிலும் இருக்காது.

ஆஸ்பத்திரிப் பக்கமும் இதே கதைதான். வந்தவுடன் டிரிப்ஸ், கூடவே ஆன்டிபயாட்டிக் ஊசி. பாதிப் பேர் வரும்போதே மெடிக்கலில் வாங்கிய பேதி மாத்திரையை இரண்டு வேளை போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அதற்கப்புறம் ஒருநாள் கழித்து, யாரோ கேட்டார்கள் என்பதற்காக ஒரு டப்பாவில் மலம் வரும். வெயிலில் காய்ந்து, மேலே பெயர் மட்டும் எழுதி. எப்போது பேதி தொடங்கியது, என்ன சாப்பிட்டார், மருந்து கொடுத்தாயிற்றா, எதுவும் இருக்காது. நான் தட்டில் போடுவேன். "குடல்நோய்க் கிருமி எதுவும் வளரவில்லை" என்று எழுதுவேன். அந்த வரியை எழுதும்போதெல்லாம் எனக்குச் சங்கடம்தான். கிருமி இருந்ததா இல்லையா என்பதைப் பற்றி அந்த வரி ஒன்றுமே சொல்வதில்லை.

இதில் பெரிய சிக்கல் ஈ.கோலை என்ற கிருமி. சாதாரண ஈ.கோலை நம் எல்லோர் குடலிலும் இருக்கிறது. மெக்கான்கி என்ற தட்டில் அது இளஞ்சிவப்புப் புள்ளிகளாக வளரும். பேதி தரும் சால்மோனெல்லா, ஷிகெல்லா என்ற கிருமிகள் நிறமில்லாத புள்ளிகள். ஆகவே ஆய்வகத்தில் நாங்கள் நிறமில்லாத புள்ளியைத் தேடுகிறோம், இளஞ்சிவப்பை "இது எல்லோருக்கும் இருப்பது" என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் குடலைச் சுரக்க வைத்துத் தண்ணீராகப் போகச் செய்யும் ஈ.கோலையும் இளஞ்சிவப்புதான். சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஷிகா நச்சை உண்டாக்கும் ஈ.கோலையும் இளஞ்சிவப்புதான். தட்டில் பார்த்தால் மூன்றும் ஒன்றே. நச்சுக்கான மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர் என்ற மரபணுச் சோதனையில் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அந்தச் சோதனையை வழக்கமாகச் செய்யாத வரைக்கும், நம் ஊரில் அந்தக் கிருமி இல்லை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. தேடாததை இல்லை என்று கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நச்சு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், மக்களுக்கு நாம் சொல்லும் அறிவுரையே அதைப் பொறுத்துத்தான் சரியாகவோ தவறாகவோ போகிறது என்பதுதான். "நல்லா சுட வச்சா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். சில கிருமிக்கு அது சரி, சிலவற்றுக்குச் சுத்தமாகச் சரியில்லை. சமைத்தவரின் கையில் இருக்கும் சீழ்ப்புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ ஸ்டெஃபைலோகாக்கஸ் உணவில் விழுந்து, வெளியே வைத்த உணவிலேயே வளர்ந்து, நச்சைக் கக்கிவிட்டால், அப்புறம் கொதிக்க வைத்தாலும் கிருமிதான் சாகும், நச்சு அப்படியே இருக்கும். சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நச்சு 121 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். குக்கர் சூட்டுக்கெல்லாம் அது அசையாது. இந்த இரண்டிலும் சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும்.

அண்டா பிரியாணியில் வருவது பெரும்பாலும் வேறு ஆள். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். மாடு, ஆடு, கோழி, மனிதர் எல்லோர் குடலிலும் இருக்கக்கூடியது. அதன் வித்துகள், அதாவது கடுஞ்சூட்டையும் தாங்க அது எடுக்கும் உறங்கு வடிவம், சமையல் சூட்டில் சாவதில்லை. நள்ளிரவில் தம் போட்டு இறக்கி, மூடி போட்டு, மதியப் பந்தி வரைக்கும் வைத்த அண்டாவின் நடுப்பகுதியை நினைத்துப் பாருங்கள். மேலே ஆறியிருக்கும், உள்ளே மணிக்கணக்காக வெதுவெதுப்பு. காற்றும் இல்லை. 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் அந்தக் கிருமி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சாப்பிடுபவருக்கு ருசியிலோ வாசனையிலோ எதுவும் தெரியாது. உயிரோடு குடலுக்குள் போய், அங்கே வித்தாகும்போதுதான் நச்சை விடுகிறது. அதனால்தான் மதியம் சாப்பிட்டவர்களுக்கு நள்ளிரவில், எட்டு முதல் பதினாறு மணி நேரம் கழித்து, வயிற்றைப் பிசைந்துகொண்டு பேதி. பரிமாறுவதற்கு முன் ஆவி பறக்கச் சூடாக்கியிருந்தால் இதைத் தடுத்திருக்கலாம். ஸ்டெஃபைலோகாக்கஸாக இருந்தால் தடுத்திருக்க முடியாது. ஒரே மண்டபம், ஒரே பேதி, இரண்டு வேறு காரணம், இரண்டு வேறு தடுப்பு. எது என்று கண்டுபிடிக்காமல் "சுகாதாரமாகச் சமையுங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்பி என்ன பயன்?

இவையெல்லாம் ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஷிகா நச்சு அப்படியில்லை. அதை உண்டாக்கும் ஈ.கோலை மாட்டின் குடலில் மாட்டுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். சாணம், சாணம் கலந்த தண்ணீர், சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய், காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கு வரும். நூறுக்கும் குறைவான கிருமிகளே நோயுண்டாக்கப் போதும். மூன்று நான்கு நாள் கழித்துத்தான் ரத்தபேதி வரும். அதற்குள் அந்தக் குழந்தை வேறு எத்தனையோ சாப்பிட்டிருக்கும், எந்தக் கடையில் எந்த நாள் என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. ஓ157 என்ற வகை தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு, பேதி குறையும் நேரத்தில், ரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும். அதில் சிறு குழந்தைகளே அதிகம். இன்னொன்றையும் டாக்டர்களுக்காகச் சொல்ல வேண்டும். இந்தக் கிருமி என்றால் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது சிறுநீரகச் சிக்கலை அதிகமாக்கக்கூடும் என்ற எச்சரிக்கை 2000ஆம் ஆண்டிலிருந்தே மருத்துவ இதழ்களில் இருக்கிறது. என்ன கிருமி என்றே தெரியாமல் எல்லாப் பேதிக்கும் ஊசி போடும் நம் வழக்கத்தில் இதை யார் யோசிக்கிறார்கள்?

இது வெளிநாட்டு நோய், நமக்கெதற்கு என்று யாராவது சொன்னால், வேலூரை நினைவுபடுத்த விரும்புகிறேன். 1978இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், ஷிகெல்லா சீதபேதிக்குப் பின் சிறுநீரகம் கெட்ட தென்னிந்தியக் குழந்தைகளைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே ஷிகா நச்சின் குடும்பம்தான். 1897இல் ஜப்பானில் கியோஷி ஷிகா கண்டுபிடித்த சீதபேதிக் கிருமியின் பெயரைத்தான் அந்த நச்சு இன்றும் தாங்கியிருக்கிறது. நம் குழந்தைகளின் சிறுநீரகத்துக்கு இந்த நச்சு புதியதில்லை.

உணவையும் நோயாளியையும் சேர்த்துச் சோதிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2011இல் ஜெர்மனியில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. அந்த மே மாதம் ஹாம்பர்க் சுற்றுப்பகுதியில் ஆரோக்கியமான பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், ரத்தபேதியோடு வந்து சிறுநீரகம் செயலிழந்து விழ ஆரம்பித்தார்கள். ஹாம்பர்க் அதிகாரிகள் சந்தையில் எடுத்த ஸ்பெயின் வெள்ளரிக்காயில் ஷிகா நச்சு ஈ.கோலை இருப்பதைக் கண்டார்கள். வெள்ளரிதான் காரணம் என்று அறிவித்தார்கள். ஐரோப்பா முழுக்க வெள்ளரியையும் தக்காளியையும் தொடுவார் இல்லை. ஸ்பெயின் விவசாயிகள் விளைச்சலைக் குப்பையில் கொட்டினார்கள். சில நாளில் வெள்ளரியில் இருந்த கிருமியையும் நோயாளிகளிடம் எடுத்த கிருமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் வேறு வேறு. வெள்ளரியில் கிருமி இருந்தது உண்மை, ஆனால் ஆளை வீழ்த்திய கிருமி அதுவல்ல.

அதற்கப்புறம் உண்மையான காரணத்தை எப்படிப் பிடித்தார்கள் என்பதைப் படித்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஒரே உணவகத்தில் கும்பலாகச் சாப்பிட்டவர்கள் ஆர்டர் செய்த தட்டுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு தட்டிலும் சமையல்காரர் என்னென்ன போட்டார் என்று அடுக்களையில் கேட்டு, யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று பொருத்தினார்கள். சாலட்டின் மேல் தூவிய முளைகட்டிய தானியம் மாட்டியது. அது லோயர் சாக்ஸனியில் ஒரு சிறு பண்ணையிலிருந்து வந்தது. பிரான்ஸின் போர்டோ அருகே அடுத்த மாதமே இதே கிருமி கிளம்பியபோது, இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயம். ஆம், நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம், அங்கே முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடப்பட்டது. ஜெர்மனியில் மட்டும் 3,816 பேருக்கு நோய், 845 பேருக்குச் சிறுநீரகச் சிக்கல், 54 பேர் இறந்தார்கள்.

அந்தக் கிருமியின் பெயர் ஓ104:எச்4. அதுவரை பெரிய ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருந்தது ஓ157ஐத்தான். அதற்கென்று இருக்கும் சிறப்புத் தட்டிலும் இது வழக்கமான ஈ.கோலை போலவே வளர்ந்தது. நச்சு மரபணுவைத் தேடியிருக்காவிட்டால் பிடிபட்டிருக்காது. இன்னொரு விஷயம்: முன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகச் சிறுநீரகம் கெட்ட நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளை உறைய வைத்து ஒரு சேமிப்பு வைத்திருந்தார்கள். 2001இல் எடுத்த ஓர் ஓ104:எச்4 அதில் இருந்தது. அதனோடு ஒப்பிட்டு, இது எங்கிருந்து வந்த குடும்பம், எந்த நச்சு மரபணுவைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டது என்று விரைவாகச் சொல்ல முடிந்தது. சீனாவின் பெய்ஜிங் மரபணு நிறுவனம் முழு மரபணு வரிசையை ஜூன் தொடக்கத்திலேயே எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டது. ஒரு பழைய ஃபிரீசரும் திறந்த மனமும் எவ்வளவு வேலை செய்திருக்கின்றன பாருங்கள்.

அமெரிக்காவில் இது இன்னும் முன்பே தொடங்கியது. 1993இல் சரியாக வேகாத ஹாம்பர்கரில் ஓ157 பரவி 700க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்து, நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மறு ஆண்டே அரைத்த மாட்டிறைச்சியில் அந்தக் கிருமி இருந்தால் அது கலப்படம் என்று அறிவித்தார்கள். 1996இல் மாநில ஆய்வகங்கள் தங்கள் கிருமிகளின் அடையாளத்தை ஒரே முறையில் எடுத்து ஒரே இடத்தில் ஒப்பிடும் பல்ஸ்நெட் என்ற வலையமைப்பு வந்தது. இப்போது அது முழு மரபணு வரிசையில் நடக்கிறது. ஒரு மாநிலத்தில் விழுந்தவரின் கிருமியும் இன்னொரு மாநிலத்துத் தொழிற்சாலையில் எடுத்த உணவின் கிருமியும் பொருந்திப்போனால் உடனே தெரிந்துவிடும்.

இங்கே நமக்கு என்ன குறை? அறிவு இல்லை என்று சொல்ல முடியாது. குடல் கிருமி தன் நச்சால்தான் நோயுண்டாக்குகிறது என்பதை முயலின் குடலில் செய்து காட்டியவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே. குடலின் ஒரு துண்டைக் கட்டி, கிருமியே இல்லாத, வடிகட்டிய காலரா வளர்ப்பு நீரை மட்டும் அதில் விட்டார். குடல் தண்ணீரால் உப்பியது. 1959இல் நேச்சர் இதழில் வந்தது அந்தக் கட்டுரை. அதற்கு முன்பே, 1956இல், பேதி நோயாளிகளிடம் எடுத்த ஈ.கோலையையும் இதே முறையில் சோதித்திருந்தார். இளஞ்சிவப்புப் புள்ளிகளில் நல்லது எது கெட்டது எது என்ற கேள்வியை உலகத்தில் முதலில் கேட்டவர்களில் ஒருவர் அவர். அவர் நாட்டுக்காரர்களான நாம் அந்தக் கேள்வியை நோயாளிக்கு முன்னால் இன்னும் கேட்காமல் இருப்பது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

கருவியும் இருக்கிறது. கொரோனா காலத்தில் மாவட்டந்தோறும் பி.சி.ஆர் இயந்திரங்கள் வந்தன. 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மாநில அரசே முழு மரபணு வரிசை ஆய்வகம் திறந்தது. நாட்டிலேயே ஒரு மாநில அரசு தனக்கென்று தொடங்கிய முதல் ஆய்வகம் என்று பெருமையாகச் சொன்னோம், அந்தப் பெருமை நியாயமானதே. கிண்டி, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை என்று ஆறு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. சட்டமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, உணவு நஞ்சானதாகத் தெரியவரும் நிகழ்வுகளை மருத்துவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிக்கை செய்ய அதிகாரம் தருகிறது. 65ஆம் பிரிவு, கெட்ட உணவால் ஒருவர் இறந்தால் ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் இழப்பீடு என்கிறது. ஆனால் அந்த உணவால்தான் இறந்தார் என்று நிரூபிக்க வேண்டுமே? உணவில் இருந்த கிருமியும் உடலில் இருந்த கிருமியும் ஒன்றே என்ற காகிதம் இல்லாமல் எந்தக் குடும்பம் எந்த நீதிமன்றத்தில் நிற்க முடியும்? அதே காகிதம் இல்லாமல்தான், தப்பே செய்யாத தள்ளுவண்டிக்காரரும் சந்தேகத்தின் பேரில் பிழைப்பை இழக்கிறார். சோதனை வியாபாரிக்கு எதிரி என்று ஓட்டல் சங்கங்கள் நினைக்க வேண்டாம். ஸ்பெயின் வெள்ளரி விவசாயிகளை விடுவித்தது அந்தச் சோதனைதான்.

2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோட்டில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்து, பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, சிகிச்சையில் இருந்தவர்களிடம் ஷிகெல்லா இருந்தது என்றும், உணவு மாதிரிகளில் சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்தன என்றும் அந்த அரசு சில நாளிலேயே வெளிப்படையாகச் சொன்னது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயது மாணவி ஒருத்தி இறந்தாள். இங்கும் பலர் பாதிக்கப்பட்டார்கள். உடனே கடைகளில் சோதனை நடந்தது, ஷவர்மாவுக்குத் தற்காலிகத் தடை வந்தது. அந்தக் குழந்தையின் உடலில் என்ன இருந்தது, சாப்பிட்ட உணவில் என்ன இருந்தது, இரண்டும் ஒன்றா என்பது ஒரு முழு அறிக்கையாக மக்கள் கையில் கிடைத்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தீர்கள். அதை நான் ஆதரிக்கிறேன். சால்மோனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா என்று காரணமும் சொன்னீர்கள். எந்த மாவட்டத்தில் எத்தனை மாதிரி எடுத்தீர்கள், எதில் எது வந்தது, அந்த ஈ.கோலை நச்சு உண்டாக்கும் வகையா என்பதையும் கூடவே வெளியிடுங்கள். தடை முடிந்த பிறகு அது பயன்பட்டதா என்று பார்க்க வேறு எந்த அளவுகோலும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் மாதிரி. 1996 ஜூலையில் ஜப்பானின் சக்காய் நகரில் பள்ளி மதிய உணவு வழியாக ஓ157 பரவியது. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு நோய், மூன்று சிறுமிகள் இறந்தார்கள். அப்போது முதல் வகுப்பில் படித்த இன்னொரு பெண், சிறுநீரகப் பாதிப்பின் பின்விளைவால் 2015இல், 25 வயதில் இறந்தாள். அதன் பின் ஜப்பானில் பெரிய சமையற்கூடங்களுக்கு ஒரு விதி வலுவாக வந்தது: ஒவ்வொரு மூலப்பொருளிலும், சமைத்த ஒவ்வொரு பதார்த்தத்திலும் சுமார் 50 கிராம் எடுத்து, சுத்தமான பையில் போட்டு, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். யாருக்கும் எதுவும் ஆகாவிட்டால் தூக்கிப் போடலாம். இதற்கு வேண்டியது ஒரு ஃபிரீசரும், பையின் மேல் தேதி எழுத ஒரு பேனாவும்தான். நகரங்களில் காலை உணவுத் திட்டத்துக்குச் சமைக்கும் பொதுச் சமையற்கூடங்கள், மாணவர் விடுதிகள், பெரிய கோயில்களின் அன்னதானக் கூடங்கள் ஆகியவற்றில் இதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். கிராமத்துச் சத்துணவு மையத்தில் ஃபிரீசர் இல்லை என்பது தெரியும். அங்கே அப்புறம் பார்க்கலாம். கல்யாண மண்டபங்களுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது இதை ஒரு நிபந்தனையாக வையுங்கள்.

நோயாளியிடம் எடுக்கும் மாதிரி இதைவிட எளிது. கேரி-பிளேர் என்ற குழாய் ஒன்று இருக்கிறது. அதில் மலம் தொட்ட பஞ்சுக்குச்சியைச் செருகி வைத்தால் ஒன்றிரண்டு நாளுக்குக் கிருமி தாக்குப்பிடிக்கும். ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி வரைக்கும், தனியார் ஆஸ்பத்திரி உட்பட, அவசரப் பிரிவின் அலமாரியில் இந்தக் குழாய் இருக்க வேண்டும். முதல் ஊசிக்கு முன் முதல் மாதிரி என்பது செவிலியர்களுக்குப் பழகிவிட்டால், என் மேசைக்கு வரும் மாதிரிகள் இன்றைக்கு வருவதைப் போல இருக்காது. கூடவே மூன்றே கேள்வி: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, முதல் வாந்தியோ பேதியோ எத்தனை மணிக்கு. அந்த நேர இடைவெளி ஒன்றை வைத்தே ஆய்வகம் எந்த நச்சை முதலில் தேட வேண்டும் என்று முடிவு செய்துவிடலாம்.

அப்புறம் இரண்டு மாதிரியும் ஒரே ஆய்வகத்துக்கு வர வேண்டும், அல்லது இரண்டு ஆய்வகமும் ஒரே எண்ணில் பதிய வேண்டும். நச்சு மரபணுக்களுக்கான பி.சி.ஆர் உணவுக்கும் மலத்துக்கும் ஒன்றாக நடக்க வேண்டும். வளர்ந்த கிருமியைக் கிளிசராலில் போட்டு உறைய வைத்து, தேனாம்பேட்டை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உறைய வைப்பதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இன்று நமக்குத் தெரியாத கேள்விக்கு அந்தக் குப்பி நாளை பதில் சொல்லும். சில ஈ.கோலைகள் கோலிபாக்டின் என்றொரு நச்சை உண்டாக்கி, குடல் செல்களின் டி.என்.ஏவில் தழும்பு விடுகின்றன. 11 நாடுகளில் 981 பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுவைப் படித்து 2025இல் நேச்சரில் வந்த ஆய்வு, 70 வயதுக்கு மேல் நோய் வந்தவர்களைவிட 40 வயதுக்குள் வந்தவர்களிடம் அந்தத் தழும்பு 3.3 மடங்கு அதிகம் என்று கண்டது. பேதியே தராத நச்சு அது. நம் மக்களின் குடலில் அந்த வகை எவ்வளவு என்று பார்க்க, சேமித்து வைத்த கிருமிகள் வேண்டும். நாம் இன்று அவற்றை மூன்றாம் நாளே ஆட்டோகிளேவில் போட்டு அழிக்கிறோம்.

கடைசியாக வெளியிடுதல். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு பக்க அறிக்கை தமிழில், ஒரு மாதத்துக்குள், உங்கள் இணையதளத்தில். நோயாளியின் பெயர் வேண்டாம். எத்தனை பேர், என்ன உணவு, என்ன கிருமி, என்ன நச்சு, எப்படி வந்திருக்கும். கண்டுபிடிக்க முடியாமல் போனால் அதையும், ஏன் முடியவில்லை என்பதையும் எழுதுங்கள். மருந்து கொடுத்த பின் மாதிரி வந்தது, உணவு ஏற்கெனவே அழிக்கப்பட்டிருந்தது என்று நாலு அறிக்கையில் வந்தாலே ஐந்தாவது இடத்தில் பழக்கம் மாறிவிடும்.

ஒரே நாளில் மாநிலம் முழுக்க என்று நான் கேட்கவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர்களின் வேலைச்சுமை எனக்குத் தெரியும். ஒருவரே கடை ஆய்வு, உரிமம், வழக்கு, புகார் எல்லாவற்றுக்கும் ஓடுகிறார். ஒரு மாவட்டத்தில் தொடங்குங்கள். என் யோசனை நாமக்கல். மாநிலத்தின் முட்டையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, சேலம் உணவுப் பகுப்பாய்வுக்கூடம் பக்கத்தில். கோழிப் பண்ணையில் எடுத்த கிருமி, கடையில் எடுத்த கிருமி, வார்டில் எடுத்த கிருமி மூன்றையும் ஓராண்டுக்கு ஒன்றாக வைத்துப் பாருங்கள். உங்கள் இரண்டு துறையும் மருத்துவக் கல்வித் துறையும் கால்நடைப் பல்கலைக்கழகமும் உட்கார்ந்து பேச ஒரு கூட்டம் போதும். மாதிரி எடுப்பது, குழாயில் அடைப்பது, தட்டில் தேடுவது, பி.சி.ஆர் வைப்பது என்று களப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர என்னைப் போன்ற ஆய்வகக்காரர்கள் பலர் விடுமுறை நாளிலும் வரத் தயாராக இருக்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாவட்ட ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் நுண்ணுயிரியலாளர்